பழைய ஃபிலிம் கேமராவில் மீட்டர் தகராறா? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பழைய மேனுவல் கேமராவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வ்யூஃபைண்டரில் பார்த்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசைகிறதா என்று பார்ப்பது. அசைந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அசையாவிட்டால் செத்துப்போச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் அவசரத் தீர்ப்பு. அசையாத மீட்டர் பெரும்பாலும் பேட்டரி தொடும் இடத்துக் களிம்பால்தான் அசையாமல் இருக்கும். அழகாக அசைகிற மீட்டர் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளை அளவு) நாமே வைத்து, முள்ளையோ சிவப்பு விளக்கையோ பார்த்துச் சரிசெய்கிற கேமராக்களுக்கானது இந்த வழிமுறை. பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக், கே1000, நிக்கோர்மாட், நிக்கான் எஃப்எம், கேனன் எஃப்டிபி, ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி-101, ஸெனித்-ஈ போன்றவை. தானாக எக்ஸ்போஷர் வைக்கும் கேமராக்களின் நோய்கள் வேறு, இங்கே வேண்டாம்.

## எதையும் தொடுவதற்கு முன்: ஒரு சுவர், மூன்று வெளிச்சம்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மீட்டர் வேண்டும். டிஜிட்டல் கேமரா இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஃபோனில் ஒரு லைட் மீட்டர் செயலி போதும். டிஜிட்டல் கேமராவை நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் தரும் அளவீட்டு முறையில் வையுங்கள். காட்சியை ஆராய்ந்து தானே முடிவெடுக்கும் முறை இங்கே குழப்பும்.

பளபளப்பு இல்லாத ஒரே நிறச் சுவரை எடுத்துக்கொண்டு, இரண்டு கேமராவிலும் ஃபிரேம் முழுவதும் சுவர் மட்டும் தெரியும்படி நில்லுங்கள். நிழல் விழக்கூடாது. இரண்டிலும் ஒரே ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்). அதே சோதனையை நல்ல வெயில் படும் சுவரிலும், பகலில் ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையிலும், இரவில் விளக்கு வெளிச்சத்திலும் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்டாப் வித்தியாசம், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பின்னால் அந்தத் தாள் தேவைப்படும்.

வேறு மீட்டரே இல்லையா? மேகமில்லாத நடுப்பகல் வெயிலில் எஃப்/16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125, 400 என்றால் 1/500. இதை வெள்ளைச் சுவரில் பார்க்காதீர்கள். வெயில் படும் புல்தரை அல்லது சாம்பல் நிறத் தார்ச்சாலை சரியாக இருக்கும். இதில் கிடைப்பது வெயிலுக்கான ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் எதுவும் இல்லாததற்கு இது தேவலை.

மூன்று விதமாக முடிவு வரும்.

- மூன்று வெளிச்சத்திலும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது: மீட்டரை விட்டுவிடுங்கள். நேராக "மீட்டர் சரி, நெகட்டிவ் தப்பு" பகுதிக்குப் போங்கள்.
- மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம்: இதைப் பைசா செலவில்லாமல் சமாளிக்கலாம்.
- ஒன்றில் சரி, இன்னொன்றில் இரண்டு ஸ்டாப் தப்பு: இதோடு குடித்தனம் நடத்த முடியாது. பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும், அதிலும் தீரவில்லையென்றால் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அரை ஸ்டாப் வரை உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஸ்லைடு ஃபிலிம் போடுகிறவர்கள் மட்டும் கவலைப்படலாம்.

## அறிகுறி 1: முள் அசையவே இல்லை, விளக்கு எரியவே இல்லை

மீட்டரை ஆன் செய்தீர்களா? கேட்கவே கூச்சமாக இருக்கும், ஆனாலும் முதலில் இதுதான். ஒவ்வொரு கேமராவிலும் சுவிட்ச் ஒவ்வொரு இடத்தில் ஒளிந்திருக்கும். நிக்கான் எஃப்எம், நிக்கோர்மாட் எஃப்டிஎன் இரண்டிலும் ஃபிலிம் சுற்றும் நெம்புகோலைக் கொஞ்சம் வெளியே இழுத்தால்தான் மீட்டர் விழிக்கும். ஸ்பாட்மாட்டிக்கில் லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சை மேலே தள்ள வேண்டும். எஸ்ஆர்டி-101க்கு அடித்தட்டில், ஓஎம்-1க்கு மேல்தட்டின் இடது பக்கத்தில். யாஷிகாமேட் 124ஜியில் மேல் மூடியைத் திறந்தாலே ஆன் ஆகிவிடும். கே1000க்குச் சுவிட்சே கிடையாது.

பேட்டரி. தலைகீழாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறையின் உள்ளேயோ மூடியிலோ கூட்டல் குறி இருக்கும். பிறகு புதிய பேட்டரி ஒன்றைப் போடுங்கள். "போன மாசம்தான் மாத்தினேன்" என்பது புதிய பேட்டரி ஆகாது.

தொடுமுனைகள். அறையின் அடியிலும் மூடியின் உட்புறத்திலும் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருக்கிறதா? மூடியின் மரைகளையும் பாருங்கள், பல கேமராக்களில் மின்சாரம் அந்த மரை வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. அங்கே படிந்த மெல்லிய அழுக்கே போதும், மீட்டரை நிறுத்திவிடும். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டுத் தேயுங்கள். கசிந்திருப்பது அல்கலைன் பேட்டரி என்றால் வினிகரின் புளிப்பு அந்தக் காரத்தை முறித்துவிடும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட இன்னொரு குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். கறை விடாப்பிடியாக இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் களிம்பு இன்னும் வேகமாக வரும்.

பேட்டரி சோதனை பொத்தான். எஸ்ஆர்டி-101, எஃப்டிபி போன்றவற்றில் இது உண்டு. இருந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

- சோதனையில் முள் நகர்கிறது, வெளிச்சத்துக்கு நகரவில்லை: பேட்டரியும் முள்ளும் நன்றாக இருக்கின்றன. ஒளி உணரும் செல்லோ அதற்குப் போகும் கம்பியோ போயிருக்கிறது. மேல்தட்டைக் கழற்ற வேண்டிய வேலை. இங்கே நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரைத் தேடுங்கள்.
- சோதனையிலும் நகரவில்லை: பேட்டரி அறைக்கும் சர்க்யூட்டுக்கும் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரி பல வருடம் உள்ளேயே கிடந்த கேமராக்களில், தொடுமுனையில் பற்றவைத்த கம்பி பச்சைபிடித்து உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கும். பற்றவைக்கும் பழக்கம் இருந்தால் அடித்தட்டைத் திறந்து நீங்களே ஒரு சிறு கம்பி மாற்றிவிடலாம். பழக்கம் இல்லையென்றால் முதல் பாடத்தை இந்தக் கேமராவில் படிக்காதீர்கள்.

செலினியம் மீட்டர் என்றால் கதை வேறு. ஸெனித்-ஈ, கையில் பிடிக்கும் வெஸ்டன் மாஸ்டர் போன்றவற்றுக்குப் பேட்டரியே கிடையாது. முகப்பில் தேன்கூடு போன்ற கண்ணாடியோ சல்லடையோ இருந்தால் பெரும்பாலும் செலினியம்தான். அதை ஜன்னல் பக்கம் காட்டுங்கள், உள்ளங்கையால் மூடுங்கள், திறங்கள். முள் கொஞ்சமும் அசையவில்லையென்றால் செல்லுக்கும் கம்பிக்கும் நடுவே களிம்பு பிடித்திருக்கலாம், அல்லது செல்லே போயிருக்கலாம். முதலாவதைச் சுத்தம் செய்யலாம். இரண்டாவதற்கு மாற்றுச் செல்தான் வழி, அதுவும் வேறொரு பழைய கேமராவிலிருந்து எடுத்ததாக இருந்தால் அதன் ஆயுளுக்கும் உத்தரவாதம் இல்லை. வெஸ்டன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: செல் மேல் இருக்கும் துளையிட்ட மூடியைத் திறந்தால் ஒரு அளவுகோல், மூடினால் இன்னொன்று. மூடி பாதியில் நின்றால் எண்கள் எல்லாம் தப்பாக வரும்.

## அறிகுறி 2: எந்த வெளிச்சத்திலும் ஒரே அளவு தப்பு

ஐஎஸ்ஓ வளையம். இந்தக் கேமராக்கள் ஃபிலிம் டப்பாவில் இருக்கும் கோடுகளைப் படிக்காது. அந்த டிஎக்ஸ் குறியீடு 1983இல் வந்தது, இவற்றில் பெரும்பாலானவை அதற்கு மூத்தவை. போன ரோலுக்கு 100 வைத்துவிட்டு இந்த ரோலில் 400 போட்டால் இரண்டு ஸ்டாப் ஓவர், அதாவது தேவைக்கு மேல் வெளிச்சம். வளையத்தில் ஏஎஸ்ஏவுக்கு (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) பக்கத்தில் டிஐஎன் என்ற ஜெர்மன் எண்ணும் இருக்கும்: 21 என்றால் 100, 24 என்றால் 200, 27 என்றால் 400. பழைய சோவியத் கேமராக்களில் காஸ்ட் எண்: 90 என்பது ஏறக்குறைய 100, 180 என்பது 200.

பேட்டரி வோல்ட்டேஜ். பழைய மீட்டர் கேமராக்களுக்கு இதுதான் தீராத தலைவலி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1960களிலும் 70களிலும் வந்த கேமராக்களில் பல, பிஎக்ஸ்625 போன்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரி சாகும் வரை அதே வோல்ட்டேஜைத் தரும், அதனால் கேமராவுக்குள் அதைச் சீர்படுத்தும் சர்க்யூட்டை வைக்கவில்லை. பாதரசம் நஞ்சு என்பதால் பிறகு இவை தடை செய்யப்பட்டன, அமெரிக்காவில் சட்டம் வந்தது 1996இல். இப்போது அதே வடிவத்தில் கிடைப்பது 1.5 வோல்ட் அல்கலைன். அச்சு அசலாகப் பொருந்தும், முள்ளும் சுறுசுறுப்பாக ஓடும். ஆனால் வோல்ட்டேஜ் கூடுதல் என்பதால் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக மீட்டர் நினைத்துக்கொள்ளும், படங்கள் அண்டர் ஆகும், அதாவது வெளிச்சம் போதாமல் போகும். போதாததற்கு அல்கலைன் தேயத் தேய வோல்ட்டேஜ் இறங்கிக்கொண்டே வரும், ஆக இன்றைக்கு உள்ள தப்பு அடுத்த மாதம் இருக்காது.

மாற்று வழிகள், சுலபமானதிலிருந்து:

காதுக் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி. 1.4 வோல்ட், பழையதற்கு மிக அருகில். விட்டம் சிறியது (11.6 மில்லிமீட்டர், பிஎக்ஸ்625 ஏறக்குறைய 16), அதனால் சுற்றி ஒரு வளையம் வைக்க வேண்டும். மின்தொடுப்பு பக்கவாட்டில் இருக்கும் கேமராவில் ரப்பர் வளையம் உதவாது, உலோக வளையம் வேண்டும். ஒட்டுத்தாளை உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றில் வையுங்கள். உரித்த பிறகு பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஒரு சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதற்கு மூச்சுவிடக் காற்றும் வேண்டும், துளைகளை மூடிவிடாதீர்கள். மலிவு, கணக்கும் சரியாக வரும். எப்போதாவது படம் எடுப்பவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

வோல்ட்டேஜைக் குறைக்கும் அடாப்டரும் சில்வர் ஆக்சைடு பேட்டரியும். உள்ளே ஒரு சிறு டயோடு இருந்து 1.55ஐ 1.35 பக்கமாக இறக்கும். தினமும் கேமராவைத் தூக்குகிறவர்களுக்கு வசதி. டயோடு இறக்கும் அளவு மின்னோட்டத்தைப் பொறுத்தது, அதனால் மங்கிய வெளிச்சத்தில் சின்ன விலகல் இருக்கும். வாங்கும்போது டயோடு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் உலோகக் கூடாக விற்கப்படுபவை அளவை மட்டும்தான் சரிசெய்யும், வோல்ட்டேஜை அல்ல.

மீட்டரையே 1.5 வோல்ட்டுக்குத் திருத்தி வைக்கச் சொல்வது. பழுது பார்ப்பவர் எப்படியும் கேமராவைத் திறக்கப் போகிறார் என்றால் கூடவே கேட்டுவிடலாம். இதற்காக மட்டும் திறப்பது வீண்.

எல்லாக் கேமராவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பாட்மாட்டிக்கில் உள்ள பிரிட்ஜ் சர்க்யூட் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பொருட்படுத்தாது. கே1000, நிக்கான் எஃப்எம் இரண்டும் எல்ஆர்44 (அல்கலைன்), எஸ்ஆர்44 (சில்வர் ஆக்சைடு) வகைக்கே செய்யப்பட்டவை. உங்கள் கேமரா எந்தக் கட்சி என்று தெரியவில்லையா? ஜிங்க்-ஏர் போட்டு ஒரு சுவரை அளங்கள், அதே வெளிச்சத்தில் சில்வர் ஆக்சைடு போட்டு மீண்டும் அளங்கள். முள் அதே இடத்தில் நின்றால் கவலையை விடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மாறாத தப்பு என்றால் ஐஎஸ்ஓ வளையத்தாலேயே திருத்திக்கொள்ளலாம். மீட்டர் எப்போதும் ஒரு ஸ்டாப் அண்டர் ஆக்குகிறது என்றால் 400 ஃபிலிமுக்கு 200 வையுங்கள். ஓவர் ஆக்குகிறது என்றால் 800. கேமராவின் அடியில் ஒரு சிறு ஒட்டுத்தாளில் "பாதி" அல்லது "இரட்டை" என்று எழுதி ஒட்டிவிட்டால், கேமராவை இரவல் வாங்குபவரும் பிழைப்பார்.

## அறிகுறி 3: வெயிலில் சரி, வீட்டுக்குள் தப்பு (அல்லது நேர்மாறாக)

முதல் சந்தேகம் மறுபடியும் பேட்டரிதான். தப்பான வோல்ட்டேஜ் எல்லா இடத்திலும் ஒரே அளவு தப்பைத் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மேலே சொன்ன ஜிங்க்-ஏர் போட்டு மூன்று வெளிச்சச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து, பொறுமை. 60, 70களின் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது காட்மியம் சல்ஃபைடு செல். வெயிலிலிருந்து அறைக்குள் வந்தால் கொஞ்ச நேரம் பழைய வெளிச்சத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். மங்கிய இடத்தில் முள் ஊர்ந்துதான் வரும். நின்றுவிட்டதா என்று சில விநாடி பார்த்துவிட்டுப் படியுங்கள்.

முக்காலியில் வைத்து எடுக்கும்போது மட்டும் அண்டர் ஆகிறதா? வ்யூஃபைண்டரின் பின்பக்கக் கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே போய் மீட்டரை ஏமாற்றுகிறது. முகத்தை ஒட்டிப் பார்க்கும்போது நம் தலை அதை மறைத்துவிடும், கேபிளால் அழுத்தும்போது மறைக்க ஆள் இல்லை. கையால் பின்பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள், முள் நகர்ந்தால் அதுதான். கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கையில் பிடித்து எடுக்கும்போதே இது நடக்கும்.

மூன்றும் இல்லையென்றால் செல் கிழடு தட்டிவிட்டது. செலினியத்தில் இது அதிகம்: வெயிலில் ஓரளவு சரியாகச் சொல்லும், நிழலுக்கு வந்தால் முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்னும், அதை நம்பினால் ஓவர் ஆகும். இதை ஐஎஸ்ஓ வளையத்தால் திருத்த முடியாது. பழுது பார்ப்பவர் செல் மாற்ற வேண்டும், அல்லது தனி மீட்டருக்கு மாறிவிட வேண்டும்.

## அறிகுறி 4: முள் துள்ளுகிறது, நடுங்குகிறது

கேமராவை லேசாக ஆட்டும்போது துள்ளினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. பேட்டரியைச் சுற்றி வைத்த வளையத்தை இறுக்குங்கள், அடியில் உள்ள ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சம் நிமிர்த்திவிடுங்கள்.

ஷட்டர் வேக வளையத்தையோ ஐஎஸ்ஓ வளையத்தையோ திருப்பும்போது மட்டும் துள்ளினால், உள்ளே இருக்கும் மின்தடைப் பாதை அழுக்கடைந்திருக்கிறது. வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பலமுறை போக்கும் வரத்துமாகத் திருப்புங்கள், அழுக்கு கொஞ்சம் விலகும். பல கேமராக்கள் இதிலேயே திருந்திவிடும். ஓரிரு எண்களில் மட்டும் துள்ளல் மிச்சம் இருந்தால் அந்த எண்களில் அளக்காமல், பக்கத்து வேகத்தில் அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் துள்ளினால் மேல்தட்டைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பிரே எதையும் இடுக்கு வழியாக அடிக்காதீர்கள். அது பிரிசத்துக்கும் ஃபோகஸ் திரைக்கும் ஓடிப் போய்க் கறையாக உட்காரும்.

## அறிகுறி 5: முள் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை

லென்ஸ் மூடியைப் போடுங்கள். இறங்கினால் மீட்டர் பிழைத்திருக்கிறது, ஷட்டர் வேகமோ ஐஎஸ்ஓவோ அந்த வெளிச்சத்துக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இறங்கவில்லையென்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். இப்போது நகர்ந்தால் சர்க்யூட்டில் எங்கோ ஷார்ட். அப்போதும் நகரவில்லையென்றால் முள்ளே இறுகியிருக்கிறது. கேமராவின் அடிப்பகுதியை உள்ளங்கையில் மெதுவாக ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் தட்டாதீர்கள், முள்ளைத் தாங்கும் கம்பிச்சுருள் முடியளவு மெல்லியது. ஷார்ட், இறுகிய முள் இரண்டுமே பழுது பார்ப்பவர் வேலை.

## அறிகுறி 6: அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினாலும் முள் கண்டுகொள்வதில்லை

வெளிச்சத்துக்கு அசைகிறது, ஷட்டர் வேகத்துக்கு அசைகிறது, அப்பர்ச்சருக்கு மட்டும் அசையவில்லை. லென்ஸும் உடலும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். லென்ஸைக் கழற்றி, இணைக்கும் முளையும் பள்ளமும் வளையாமல் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

நிக்கோர்மாட் எஃப்டிஎன்னில் ஒரு சடங்கு உண்டு. லென்ஸ் மேல் உள்ள கொம்பில் உடலின் முளை பொருந்தும்படி எஃப்/5.6இல் பூட்டி, வளையத்தைச் சிறிய துளை வரைக்கும், பிறகு பெரிய துளை வரைக்கும் முழுதாகத் திருப்ப வேண்டும். லென்ஸின் அதிகபட்ச அப்பர்ச்சர் என்ன என்று கேமராவுக்குச் சொல்வது இந்தத் திருப்பல்தான். லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். மறந்தால் முள் அசையும், ஆனால் தப்பாக அசையும். அசையாததைவிட இது மோசம்.

ஸ்பாட்மாட்டிக் போன்ற மரை லென்ஸ் கேமராக்களில் லென்ஸின் துளையை மூடிய நிலையில்தான் அளக்க வேண்டும். சுவிட்சை மேலே தள்ளியதும் வ்யூஃபைண்டர் இருட்ட வேண்டும். எஃப்/11இல் வைத்தும் இருட்டவில்லையென்றால் லென்ஸின் முளையோ அதைத் தள்ளும் தகடோ வேலை செய்யவில்லை. லென்ஸில் கையால் மூடும் சுவிட்ச் இருந்தால் அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

## அறிகுறி 7: மீட்டர் சரி, நெகட்டிவ் தப்பு

ஸ்கேன்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேபில் ஸ்கேன் செய்யும்போதே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள், உங்கள் தப்பு உங்களுக்கே தெரியாது. நெகட்டிவை வாங்கி ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள்.

முழு ரோலும் வெளுத்திருக்கிறது. ஃபிலிமின் ஓரத்தில் கம்பெனி அச்சிட்ட எண்களையும் எழுத்துகளையும் பாருங்கள். அவை நல்ல கறுப்பாக இருந்து படங்கள் மட்டும் வெளுத்திருந்தால் அண்டர் எக்ஸ்போஷர், மேலே உள்ள பகுதிகளுக்குத் திரும்புங்கள். எழுத்துகளும் சேர்ந்து வெளுத்திருந்தால் டெவலப் செய்ததில் குறை. அந்த எழுத்துகள் உங்கள் கேமராவைத் தொட்டதே இல்லை, ஆகவே மீட்டர் நிரபராதி. எழுத்துகள் தெளிவாக இருந்து படமே இல்லையென்றால் ஃபிலிம் சுற்றவே இல்லை.

சில படங்கள் மட்டும் தப்பு. எடுத்தவை எவை என்று பாருங்கள். வெள்ளைச் சுவர், பனி, வெள்ளைத் துணி என்றால் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்திருக்கும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள்: மீட்டர் 1/500 சொன்னால் 1/250 அல்லது 1/125. கறுப்பு நிறைந்த காட்சிக்கு நேர்மாறு. முகம் இருட்டாகி வானம் அழகாக வந்திருந்தால், அளக்கும்போது ஃபிரேமில் வானம் அதிகம் இருந்திருக்கிறது. கேமராவைக் கீழே சாய்த்து, வானம் தெரியாமல் அளந்துவிட்டு, அந்த எண்ணை மாற்றாமல் மீண்டும் ஃபிரேம் செய்யுங்கள். எதை அளப்பது என்றே புரியாத இடத்தில், காட்சி இருக்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிர். புதிய கையடக்க மீட்டர் வாங்குவதற்கு முன் இந்த ஒரு பழக்கத்தை முயன்று பார்க்கச் சொல்வேன்.

சில வேகங்களில் மட்டும் தப்பு. எடுத்த படங்களின் ஷட்டர் வேகத்தைக் குறித்து வைத்திருந்தால் இங்கே கை கொடுக்கும். மெதுவான வேகங்களில் ஓவர் என்றால் ஷட்டரின் பழைய கிரீஸ் காய்ந்திருக்கலாம். பின்கதவைத் திறந்து 1 விநாடி வைத்து, ஃபோனில் ஒலிப்பதிவு செய்து நேரம் பாருங்கள். 1/1000இல் மட்டும் படத்தின் ஒரு ஓரம் இருண்டிருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் சமமாக ஓடவில்லை. இரண்டுக்கும் சர்வீஸ்தான். வீட்டில் எண்ணெய் விடாதீர்கள்.

சிறிய அப்பர்ச்சரில் மட்டும் ஓவர். லென்ஸின் தகடுகளில் எண்ணெய். எஃப்/16இல் வைத்துக் காலிக் கேமராவில் அழுத்தி, முன்பக்கமிருந்து பாருங்கள். தகடுகள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால், துளை சிறிதாவதற்குள் ஷட்டர் ஓடி முடிந்துவிடுகிறது. முழுத் திறப்பில் எடுத்த படங்கள் நன்றாகவே இருக்கும், அதனால் பலர் லென்ஸைச் சந்தேகிப்பதில்லை.

ஃபில்டர் போட்டால் தப்பு. லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா ஃபில்டரையும் சேர்த்தே அளந்துவிடும். அதற்கு மேல் நீங்களும் கூட்டினால் இரட்டைத் திருத்தம். தனி மீட்டர் என்றால் நீங்கள்தான் கூட்ட வேண்டும்: மஞ்சளுக்கு ஒன்று, ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று ஸ்டாப் என்று வைத்துக்கொள்ளலாம். அடர் சிவப்பை மட்டும் கேமரா மீட்டரிடம் விடாதீர்கள். செல்லும் ஃபிலிமும் அந்த நிறத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கழற்றி அளந்து, மூன்று ஸ்டாப் கூட்டி, பிறகு மாட்டுங்கள்.

இரவில் நீண்ட எக்ஸ்போஷர் எல்லாம் வெளுப்பு. மீட்டர் சரியாகத்தான் சொன்னது, ஃபிலிம்தான் சோர்ந்துவிட்டது. கோடாக் ட்ரை-எக்ஸுக்கு மீட்டர் 1 விநாடி சொன்னால் 2, 10 சொன்னால் 50, 100 சொன்னால் 1200 கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

சுவிட்ச் இல்லாத கே1000ஐ லென்ஸ் மூடி இல்லாமல் அலமாரியில் வைத்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியைப் போடுங்கள், போதும். சுவிட்ச் உள்ளவற்றில் பைக்குள் உரசி ஆன் ஆகிறதா என்று பாருங்கள். ஜிங்க்-ஏர் சீக்கிரம் தீர்வது அதன் இயல்பு. இவை எதுவும் இல்லாமல் புதிய சில்வர் ஆக்சைடு ஒரு வாரத்தில் தீர்ந்தால் உள்ளே மின்கசிவு, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

## பழுது பார்ப்பவரிடம் போகும்போது

"மீட்டர் சரியில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அவர் ஒரு வெளிச்சத்தில் பார்த்து ஒரு இடத்தில் சரிசெய்து தந்துவிடுவார். மூன்று வெளிச்சத் தாளைக் கூடவே கொடுங்கள். எந்தப் பேட்டரி போடுகிறீர்கள் என்று அதில் எழுதி, அதே வகைப் பேட்டரியைப் போட்டே கொடுங்கள், இல்லையென்றால் அவர் தன்னிடம் உள்ள பேட்டரிக்குத் திருத்தி வைப்பார். தப்பாக வந்த நெகட்டிவ் ஒரு துண்டு இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். ஷட்டர் வேகங்களை முதலில் அளந்துவிட்டு, பிறகு மீட்டரைத் தொடச் சொல்லுங்கள். ஷட்டரே தப்பாக ஓடும் கேமராவில் மீட்டரைத் திருத்துவது இரட்டை வேலை.

செலவு ஏறும் வரிசை ஏறக்குறைய இப்படி: தொடுமுனை, கம்பி, மின்தடைப் பாதை, செல், கடைசியாக முள் இருக்கும் பொறி. கடைசி இரண்டுக்கும் உதிரி பாகம் இன்னொரு கேமராவிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். அந்தத் தொகை ஒரு சிறு கையடக்க மீட்டரின் விலையைத் தாண்டுகிறது என்றால், ஷட்டரை மட்டும் சர்வீஸ் செய்துகொண்டு மீட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். ஓஎம்-1, எஃப்டிபி, எஃப்எம், கே1000 எல்லாமே பேட்டரி இல்லாமல் எல்லா வேகத்திலும் ஓடும். அப்படி முடிவு செய்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், கசிவதற்கு உள்ளே எதுவும் இருக்கக் கூடாது.